காஸ்கோன் லாந்த்: நீர் வடிந்த பின்னும் ஆள் சேராத காடு

காஸ்கோன் லாந்த் என்பது பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிஸ்கே விரிகுடாவை ஒட்டி முக்கோணமாகப் பரந்து கிடக்கும் மணற்சமவெளி. பரப்பு சுமார் 14,000 சதுர கிலோமீட்டர். ஜிரோந்த், லாந்த், லோ-ஏ-கரோன் என்ற மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இதில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் இன்று கடலோரப் பைன் காடு. மேற்கு ஐரோப்பாவில் மனிதர் நட்டு வளர்த்த காடுகளில் இதுதான் மிகப் பெரியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், கடலோரத்துச் சில பழங்காடுகளை விட்டால், இது மரமற்ற ஈரப் பொட்டல். தண்ணீரை வடித்தார்கள், மரம் வைத்தார்கள், சதுப்புக் காய்ச்சலும் ஒழிந்தது. மக்கள் மட்டும் வந்து சேரவில்லை. இருந்தவர்களிலும் பலர் கிளம்பிவிட்டார்கள்.

மண்ணைத் தோண்டிப் பார்த்தால் பழைய கதை புரியும். மேலே வெளுத்த மணல். சற்று ஆழத்தில் இரும்பும் மக்கும் சேர்ந்து இறுகிய, துரு நிறத்துத் தட்டு. ஊர்க்காரர்கள் இதை ‘அலியோஸ்’ என்பார்கள். பல இடங்களில் இது கல்லாகவே கெட்டித்துக் கிடக்கும். தரையோ சரிவே இல்லாத தட்டை. குளிர்கால மழை கீழேயும் இறங்காது, பக்கவாட்டிலும் ஓடாது. மாதக்கணக்கில் குளமாக நிற்கும். கோடையில் அதே நிலம் காய்ந்து சுடும்.

இந்த நிலத்தில் ரை தானியம் விளையும், எரு போட்டால். எருவுக்கு ஆடு வேண்டும். ஆட்டுக்கு மேய்ச்சல் வேண்டும்: ஒரு சிறு வயலுக்கு அதைப்போலப் பல மடங்கு புல்வெளி. எத்தனை வாய்க்குச் சோறு என்பதை ஆட்டுப்பட்டியின் எருக்குவியல்தான் முடிவுசெய்தது. எனவே ஊர்கள் நெருக்கமாக முளைக்கவே இல்லை. ஓக் மரங்களும் புல்தரையும் சூழ, வேலியில்லாமல் நாலைந்து வீடுகள் நிற்கும் ‘ஏரியால்’ என்ற குடியிருப்புகள் தொலைவு தொலைவாகச் சிதறிக் கிடந்தன. கல் கிடைக்காத நாடு. வீடெல்லாம் மரச்சட்டமும் மண்பூச்சும்.

ஆடு மேய்த்தவர்கள் கொக்கலிக்கட்டை போன்ற உயரமான மரக்கால்களைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். கால் நனையாது, தூரத்து மந்தை தெரியும், நடையும் எட்டிப் போடலாம். நின்றால் நீண்ட கழியொன்றை முதுகுக்கு முட்டுக் கொடுத்து மூன்று காலில் சாய்ந்தபடி கம்பளிக் காலுறை பின்னுவார்கள். லபுயேர் ஊரில் 1844-இல் பிறந்த ஃபெலிக்ஸ் அர்னோதன் இந்த வாழ்வு மறையும் நேரத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து வைத்தார். 1891-இல் சில்வன் தோர்னோன் என்ற ஆர்க்காஷோன் ரொட்டிக்கடைக்காரர் மரக்காலிலேயே பாரிசிலிருந்து மாஸ்கோவுக்கு நடந்து போனார். அதற்குள் ஊரில் மரக்காலுக்கு வேலை ஏறக்குறைய தீர்ந்திருந்தது.

தீர்த்துவைத்தது ஒரு சட்டம். கரையோர மணல்மேடுகள் உள்ளே நகராமல் பைன் விதைத்துக் கட்டும் பணியை 1780-களிலேயே நிக்கோலா பிரெமோந்தியே தொடங்கியிருந்தார். உள்நாட்டுப் பொட்டலுக்கு வழி காட்டியவர் பொறியாளர் ஜூல் ஷாம்ப்ரெலான். 1849-இல் செஸ்தாசில் சொந்த நிலம் வாங்கி, ஆழமில்லாத வடிகால் வெட்டி, மரம் வைத்து வளர்த்துக் காட்டினார். 1857 ஜூன் 19-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி கொண்டுவந்த சட்டம், ஊர்ப்பொது நிலங்களை வடித்து மரம் நட வேண்டும் என்று ஊராட்சிகளைக் கட்டாயப்படுத்தியது. செலவுக்குப் பணமில்லாத ஊர்கள் நிலத்தை விற்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் காசுள்ளவர்கள்: உள்ளூர்ப் பெருநிலக்காரர்கள், போர்தோ நகரத்துப் பணக்காரர்கள். நேற்றுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த மேய்ச்சல் வெளி ஒரே தலைமுறையில் தனியார் தோப்பாகிவிட்டது. ஆத்திரத்தில் மேய்ப்பர்கள் இளங்கன்றுகளுக்குத் தீ வைத்ததும் உண்டு. ஆடு போனது, ஆட்டோடு எரு, எருவோடு ரை வயல்.

அப்படியானால் காடு உடனே ஆட்களைத் துரத்திவிட்டதா என்றால் இல்லை. இடையில் நூறாண்டு பிசின் காலம் ஒன்று இருந்தது. பழைய முறையில் மரத்தடி மணலில் குழி தோண்டிப் பிசினைப் பிடிப்பார்கள். மணலும் சருகும் கலந்துவிடும். பியேர் யூக் 1840-களில் மரத்தில் வெட்டுக்குக் கீழே மண்சட்டியைத் தொங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து வரவேண்டிய டர்பன்டைன் நின்றுபோக, லாந்த் பிசினுக்கு விலை எகிறியது. பைனைத் ‘தங்க மரம்’ என்றார்கள். தங்கம் முதலாளிக்கு. வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரை சில நாளுக்கொருமுறை மரம் மரமாகப் போய்ச் செதுக்கியவர்கள் பங்கு வாரத்துக்கு உழைத்த குடிகள். சட்டிகளைக் கொட்டிச் சேர்ப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. 1906-07 வாக்கில் பிசின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். பைன் சொத்து இங்கே கல்யாணத்தையே தீர்மானித்ததை அறிய ஃபிரான்சுவா மோரியாக்கின் ‘தெரேஸ் தெஸ்கேரூ’ (1927) நாவல் போதும்.

மலிவான இறக்குமதியும் செயற்கைப் பொருள்களும் வந்தபின் பிசின் தொழில் சரிந்து, 1990 வாக்கில் அடங்கியது. காடு இப்போது காகிதக்கூழுக்கும் பலகைக்கும். நட்டால் வெட்டுவதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டு. வெட்டும் நாளிலும் இயந்திரக் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்தால் போதும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் சொத்து. உரிமையாளர் தோப்பருகே குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆள் குறைந்ததற்கு மண்ணின் ஏழ்மையைவிட இந்தப் பயிரின் சுபாவமே பெரிய காரணம்.

தீயும் தன் பங்கைச் செய்தது. 1949 ஆகஸ்டில் போர்தோவுக்குத் தெற்கே மூண்ட நெருப்பில் 82 பேர் மாண்டார்கள். அதன்பின் காட்டுக்கு நடுவே தீத்தடுப்பாகவும் அகன்ற மக்காச்சோள வயல்கள் வந்தன. அவையும் இயந்திர விவசாயம்தான். பிஸ்கரோஸ் ஏவுகணைச் சோதனைத் தளம், காப்தியே குண்டுவீச்சுப் பயிற்சித் திடல் என ராணுவம் வளைத்த பரப்பும் சிறிதல்ல. 2022 ஜூலையில் லாந்திராசிலும் லா தெஸ்த்-த-புஷ்ஷிலும் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது 36,000-க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் கடற்கரைக் கூடார முகாம்களுக்கு வந்த விடுமுறைக் கூட்டம்.

லாந்த் மாவட்டத்தில் 1850-களில் சுமார் 3 லட்சம் பேர். நூறாண்டு கழித்து 2.5 லட்சம். இன்று 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடுதலில் பெரும்பங்கு கடலோரத்திலும் தென்பகுதி நகரங்களிலும்தான். நடுக்காட்டிலுள்ள சாப்ர் ஊராட்சிக்குச் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே வசிப்பவர்கள் 1,200 பேர் அளவில். இங்கே மனிதர் செழிக்கலாம் என்று காட்ட மூன்றாம் நெப்போலியன் நிறுவிய மாதிரிக் கிராமமான சொல்ஃபெரினோவில் சில நூறு பேர் இருக்கிறார்கள். சாப்ர் நிலையத்திலிருந்து ஒரு சிறு ரயில், பழைய ஏரியால் வாழ்வை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கும் மார்க்கேசுக்குப் போகிறது. கோடைப் பயணிகள் அதில் போய் ஆட்டுப்பட்டியையும் ரை வயலையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பிவிடுகிறார்கள்.