கல்லறை வரலாறும் கல்லில்லாதோரும்

பதுளைப் புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட ஆங்கில அதிகாரி மேஜர் ரோஜர்சின் நினைவாக எழுப்பப்பட்டது. இலங்கையின் இத்தகைய கல்லறை வாசகங்களைப் பென்றி லூயிஸ் 1913இல் தொகுத்தார். கல் சிதைந்தாலும் பெயர் எஞ்சும். அந்நூலின் பெரும்பகுதி ஐரோப்பியரைப் பற்றியதே.

பூனாகலை முதலிய ஊவா மலைகளைத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரோ, பெரும்பாலும் பெயர் பொறித்த கல்லின்றியே புதைக்கப்பட்டனர். பூனாகலைக்கு அயலிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவு லயங்களை மூடியது. புதையுண்டோர் அனைவரது உடல்களும் மீட்கப்படவில்லை.

எனவே, நினைவுச் சின்னங்களின் அழிவை ஆராயும் நாம், சிதைந்த கற்களோடு நாட்டப்படாத கற்களையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். தோட்டச் செக்றோல்களிலும் ஒப்பாரிகளிலும் முதியோர் நினைவிலும் எஞ்சியுள்ள பெயர்களைத் திரட்டுவதே எமது முதற்கடமையாகும்.