தண்ணீர்க் கட்டணத்தில் சேராத கணக்கு

வளைகுடாவில் எங்கள் வீட்டுக் குழாய்களில் வருவது பெரும்பாலும் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுத்த நீர். மாதக் கட்டணத்தைப் பார்த்தால், ஆலைக்கும் எரிபொருளுக்கும் குழாய்க்கும் செலவாகிறது என்று புரிகிறது. ஆனால் மழையை ஏந்தி, வடித்து, நிலத்தடியில் சேர்த்து வைக்கும் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் என்ன பெறுமதி? அதை எந்தக் கட்டணச் சீட்டும் சொல்வதில்லை.

மழைநீர் வழிந்து ஓர் ஆற்றையோ குளத்தையோ நிலத்தடியையோ சென்றடையும் பரப்பே நீரேந்து பிரதேசம். அதன் பெறுமதியைக் கணிக்கப் பல வழிகள் உண்டு. ஒன்று மாற்றுச் செலவு: அது கெட்டால் அதே நீரைப் பெற எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பது. 1990களில் நியூயோர்க் நகரம் இந்தக் கணக்கைப் போட்டது. வடிகட்டும் ஆலை கட்டப் பல பில்லியன் டொலர் வேண்டும். நீர் வரும் கட்ஸ்கில் மலைப்பகுதியைப் பாதுகாக்க அதைவிட மிகக் குறைவு. 1997இல் அந்த மலைப்பகுதி ஊர்களோடு நகரம் ஒப்பந்தம் செய்தது.

இன்னொரு வழி, எவ்வளவு கொடுக்கத் தயார் என்று மக்களிடமே கேட்பது. அப்படிக் கேட்கும்போது, தாங்கள் ஒருநாளும் போகாத இடத்துக்கும் பலர் ஒரு தொகை சொல்வார்கள். ஓர் உயிரினம் உலகில் இருந்தாலே போதும் என்ற இந்த மதிப்பை 1967இல் பொருளியலாளர் ஜோன் குருட்டில்லா எடுத்துக்காட்டினார். இதை இருப்புப் பெறுமதி என்கிறார்கள்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் இதற்கு நல்ல உதாரணம் புஜைராவின் வாடி வுரையா. ஹஜர் மலைகளுக்குள் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் நன்னீர் மீன்களும் தேரைகளும் தும்பிகளும் வாழ்கின்றன. 2009இல் இது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சுற்றுலா வந்தவர்கள் விட்டுச்சென்ற குப்பையும் பாறைகளில் எழுதிய கிறுக்கல்களும் அதைக் கெடுத்தன. 2013 டிசம்பரில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2018இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

கடல்நீர் இருக்கும்போது பள்ளத்தாக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2008–09இல் பதில் கிடைத்தது. செம்மை அலை எனப்படும் பாசிப் பெருக்கம் இந்தக் கரைகளில் பரவி மீன்களைக் கொன்றது. உப்பு நீக்கும் ஆலைகள் சிலவற்றை நிறுத்த வேண்டி வந்தது. கடலும் காப்பாற்றப்பட வேண்டிய நீர்நிலைதான்.

இந்த மண்ணின் பழைய மக்கள் இதை அறிந்திருந்தார்கள். ஓமானின் பலஜ் கால்வாய்களில் நீர்ப் பங்கு நேரத்தால் அளக்கப்படும். முன்பு பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து அளந்தார்கள். முதலில் குடிநீர், பிறகுதான் பேரீச்சந் தோட்டம். சில பங்குகளை ஏலம் விட்டுப் பெறும் பணம் கால்வாய்ப் பராமரிப்புக்கே போகும். இவற்றில் ஐந்து, 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

எங்கள் ஊரிலும் இதே கணக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறு. அந்தக் கல் உரத்தையும் மலக்குழிக் கழிவையும் எளிதில் உள்ளே விடும். சுன்னாகத்தில் மின்நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. கணக்கு எழுதும் எங்களுக்கு இது தெளிவு: இழப்பீடு நட்டத்தில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும். கெட்ட கிணற்றில் பழைய நீரை அது திருப்பித் தராது.

ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்கள் வீடு, மதில், கோயில் என்று கணக்குப் போடுகின்றன. அதே பட்டியலில் இன்னும் சில வரிகளைச் சேர்க்கலாம். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஊர்க் குளம் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது? தோட்டத்துக்கு உரம் தேவைக்கு மேல் போகிறதா? முற்றம் முழுவதும் சீமெந்து போட்டால் மழை எங்கே இறங்கும்? இவற்றுக்கு ஆகும் செலவு சிறியது. அதைச் செய்யாமல் விட்டால், ஊரில் இருப்பவர்களும் நாளை எங்களைப்போல் குடிநீருக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.