மணிக்கொல்லை மணிகளும் ‘லாடா’ என்னும் இரும்புக் குழலும்

கையில் ஒரு தஸ்பீஹ் இருந்தால் அதன் ஒரு மணியை உற்றுப் பாருங்கள். நூல் நுழைவதற்கு ஒரு துளை. இன்று அச்சில் வார்க்கும்போதே அது வந்துவிடுகிறது. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில், கடுகளவுக் கண்ணாடியில் எப்படித் துளையிட்டார்கள்?

இதற்கு விடை நம் பக்கத்து மண்ணிலேயே கிடக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதியில் மணிக்கொல்லை என்றொரு ஊர் உண்டு. பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்த இடம்; ஊர்ப் பெயரே சாட்சி. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும் பழைய மணிகள் கிடைத்துள்ளன. வடக்கே சிறிது தூரத்தில், புதுவை அருகே, அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மண்பாண்டங்களுக்குத்தான் பெரிய பேர் கிடைத்தது. மணிகளுக்கு உரிய கவனம் பின்னர்தான் வந்தது.

உண்மையில் அந்த மணிகளுக்குத் துளையிடவே இல்லை! துளையை முதலில் உண்டாக்கி, அதைச் சுற்றியிருந்த கண்ணாடியைப் பிறகு மணியாக நறுக்கினார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை நடந்துவந்த தொழிலைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ‘லாடா’ என்பது நீண்ட இரும்புக் குழல். உருகிய கண்ணாடியை அதன் முனையில் கூம்பாகத் திரட்டுவார்கள். குழலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவே வழி உண்டாக்குவார்கள். பிறகு கூம்பை உலைக்குள் வைக்க, மறுபக்கம் இருப்பவர் கொக்கியால் கண்ணாடியைப் பிடித்து இழுப்பார். நடுவில் பொந்துள்ள மெல்லிய குழாய் நீண்டுகொண்டே வரும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. இழுக்கும் கை தயங்கினால் குழாய் தடித்துவிடும், அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

குழாயைத் துண்டுகளாக்கி, உளிமுனையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். அவற்றின் ஓரம் கூராக இருக்கும். ஆகவே சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவார்கள். ஓரம் மழுங்கும், சாம்பல் அடைத்திருப்பதால் துளை மூடாது. சாம்பலுக்கு இப்படியொரு வேலையைக் கண்டுபிடித்தவரை நினைத்தால் நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கம்பியில் கண்ணாடியைச் சுற்றி ஒவ்வொன்றாக மணி செய்யும் முறையும் உலகில் இருந்தது. இழுப்பு முறையிலோ ஒரே குழாயில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். விலை மலிவு, எடை குறைவு, கெட்டுப்போகாது. கப்பல் வணிகத்துக்கு வேறென்ன வேண்டும்? கிழக்கே தென்கிழக்காசியா, மேற்கே ஆப்பிரிக்கக் கரை வரை இவ்வகை மணிகள் பரவின. பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம் போன்ற இடங்களிலும் இதே தொழில் நடந்ததற்கான கழிவுகள் கிடைத்துள்ளன.

‘கழிவுகள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அழகான மணி ஓரிடத்தில் கிடைத்தால், அங்கே யாரோ அதை அணிந்தார்கள் என்றுதான் தெரியும். அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். உடைந்த குழாய்த் துண்டு, வளைந்துபோன முனை, கண்ணாடிக் கட்டி இவற்றை யாரும் கப்பலேற்றி அனுப்புவதில்லை. இவை கிடக்கும் இடம்தான் பட்டறை இருந்த இடம். நம் பிள்ளைகளோ பளபளக்கும் மணியைப் பொறுக்கிக்கொண்டு கட்டியை வீசிவிடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

எனவே வயலிலோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ இப்படி ஏதாவது தென்பட்டால் கழுவாமல், பிரிக்காமல், எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவிக்கலாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை.