ஸ்டென்ட் வைத்த பிறகும் ரத்தம் உறைவது ஏன்? குளோபிடோக்ரெல் சிலருக்குப் பலன் தராததன் பின்னணி

பங்காருபாளையம் (சித்தூர்): இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினுடன் சேர்த்து வழங்கப்படும் குளோபிடோக்ரெல் மாத்திரை, சிலரது உடலில் எதிர்பார்த்த அளவு செயல்படுவதில்லை. மருத்துவர்கள் இதனை 'மருந்து எதிர்ப்பு நிலை' என்கின்றனர். ஐரோப்பியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இதற்கான மரபணுக் காரணம் அதிகம் காணப்படுகிறது.

சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே உள்ள பங்காருபாளையத்திலிருந்து திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சிஎம்சி ஆகிய பெரிய மருத்துவமனைகளுக்குச் சாலை வழியே சென்றுவிடலாம். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் ரூ.29,600 என மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. ஆந்திராவில் 2007-இல் தொடங்கப்பட்ட ஆரோக்கியஸ்ரீ திட்டமும் இச்சிகிச்சையை ஏழைகளுக்கு எட்டச் செய்தது. ஆனால் சிகிச்சை மருத்துவமனையோடு முடிவதில்லை. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பெற்றவர் பொதுவாக 12 மாதங்களும், மற்றவர்கள் சுமார் 6 மாதங்களும் இரு மாத்திரைகளையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

ஸ்டென்ட் என்பது உடலுக்கு அந்நியமான உலோக வலை. அதன்மீது ரத்தத் தட்டணுக்கள் ஒட்டித் திரண்டால், சில நிமிடங்களில் குழாய் அடைபட்டு மீண்டும் மாரடைப்பு நேரிடலாம். முதல் மாதத்தில் இந்த அபாயம் மிக அதிகம்.

கல்லீரலில் என்ன நடக்கிறது?

குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்தன்று. உட்கிரகிக்கப்படும் மருந்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு பயனின்றிச் சிதைந்துவிடுகிறது. எஞ்சியதைக் கல்லீரல் நொதிகள் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அவற்றுள் முக்கியமானது சிஒய்பி2சி19. இந்த நொதிக்கான மரபணுவின் இரு பிரதிகளும் குறைபாடுடையவையாக இருந்தால், மருந்து பெரும்பாலும் செயலற்றே வெளியேறும்.

தமிழர்களிடையே புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இந்த வகையினராக இருந்தனர். ஐரோப்பியர்களில் இது 2 முதல் 3 விழுக்காடு மட்டுமே. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இன்னும் கவலையளிக்கிறது: குறைபாடுள்ள இரு பிரதிகளைக் கொண்டவர்களுக்கு, குளோபிடோக்ரெல் உட்கொண்டபோதும் மீண்டும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

இந்த மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 மார்ச்சில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆசிய, பசிபிக் தீவு மக்கள் அதிகம் வாழும் ஹவாய் மாநிலம் தொடுத்த வழக்கில், எச்சரிக்கத் தவறியதாக 2024 மே மாதம் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், சனோஃபி நிறுவனங்களுக்கு 91.6 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்வதாக அந்நிறுவனங்கள் அறிவித்தன.

மரபணுவுக்கு முன் பார்க்க வேண்டியவை

எனினும் எல்லாப் பழியையும் மரபணுமீது சுமத்த இயலாது. மாத்திரையைச் சரிவர உட்கொள்ளாமையே முதலில் சரிபார்க்க வேண்டியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக் குறைப்பு மருந்து மூன்றும் ஒரே கேப்சூலாகவும் விற்கப்படுகின்றன. வயிற்றெரிச்சலுக்காக அதை நிறுத்துபவர், தாம் அறியாமலேயே மூன்றையும் நிறுத்துகிறார். பல் பிடுங்குவதற்காகத் தாமாக நிறுத்துவதும் இத்தகைய ஆபத்தே. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது.

வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஒமிப்ரசோல் அதே கல்லீரல் நொதியைத் தடுத்து, குளோபிடோக்ரெலின் பலனைக் குறைக்கும். பான்டோப்ரசோலுக்கு இத்தன்மை குறைவு. நீரிழிவும் உடற்பருமனும்கூடத் தட்டணுக்களின் செயல்பாட்டைத் தூண்டுகின்றன. குடலில் கரையுமாறு பூச்சிட்ட ஆஸ்பிரின் தாமதமாக உறிஞ்சப்படுவதால், பரிசோதனையில் 'எதிர்ப்பு' போலத் தோன்றுவதும் உண்டு.

தட்டணுச் செயல்பாட்டையும் மரபணுவையும் அறியப் பரிசோதனைகள் உள்ளன. ஆனால் அனைவருக்கும் அவற்றைச் செய்யச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. மருந்து உட்கொள்ளும்போதே ஸ்டென்ட் அடைபட்டவர் போன்ற அதிக அபாயமுள்ளோருக்கு மருத்துவர்கள் இவற்றைப் பரிசீலிக்கின்றனர். குளோபிடோக்ரெல் அளவை 150 மில்லிகிராமாக இரட்டிப்பாக்குவதால் பயனில்லை என 2011-இல் வெளியான கிராவிடாஸ் ஆய்வு காட்டியது. ஆகவே மருந்தையே மாற்றுவதுதான் வழக்கம்.

மாற்று மருந்துகளில் டிகாக்ரெலார் கல்லீரலை நம்பியிராமல் நேரடியாகச் செயல்படுகிறது. நாளுக்கு இருவேளை உட்கொள்ள வேண்டும். பிரசுக்ரெல் இந்த நொதியை அதிகம் சார்ந்ததல்ல. ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தரக்கூடாது. இரண்டிலும் ரத்தக்கசிவு அபாயம் சற்று கூடுதல். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சுத்திணறல் உணர்வைத் தரும். இதயக் கோளாறு திரும்பிவிட்டதாக அஞ்சி மாத்திரையைக் கைவிடாமல், மருந்து எழுதிய மருத்துவரிடம் அதை உடனே தெரிவிக்க வேண்டும்.