செம்பும் களிம்பும்: மறைந்துபோன ஒரு குழந்தை நோயின் வரலாறு

செம்பு என்னும் சொல் உலோகத்தையும் குறிக்கும். நீர் மொள்ளும் சிறு கலத்தையும் குறிக்கும். கலம் வேறு உலோகத்தில் செய்யப்பட்டாலும் பெயர் மாறுவதில்லை; எவர்சில்வர் செம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அச்செம்போடு உடன்பிறந்தது களிம்பு. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் கண்ட உவமை அதுவே. திருவிளையாடற் புராணத்தில், மதுரைக்கு அருகிலுள்ள திருப்பூவணத்துப் பொன்னனையாள், சித்தராக வந்த இறைவன் கேட்டவுடன் தன் வீட்டு உலோகக் கலங்களையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறாள், அவை பொன்னாகின்றன. வகுப்பறையில் இவ்விடங்களை நடத்தும்போது உவமை நயத்தோடும் இறைவன் திருவிளையாட்டோடும் நாம் நிறுத்திக்கொள்கிறோம். அடுக்களைக் கலத்தின் களிம்பு கைக்குழந்தையின் ஈரலில் செய்த வேலை வேறொரு வரலாறு.

வைகைக் கரைச் சமவெளியில் ஓரளவு வசதியுள்ள வீடென்றால் பித்தளைத் தவலையும் அண்டாவும் குடமும் இருக்கும். அவை பெண்ணுக்குச் சீராக வந்தவை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே. ஆகையால்தான் ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வந்தார். கலத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் உள்ளே தேய்த்துவிடுவார். தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர், பூசத்தக்கது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்தால் ஒரு நஞ்சுக்கு அஞ்சி இன்னொரு நஞ்சை வாங்கியதாக முடியும்.

புளிக்கும் மோருக்கும் அஞ்சியவர்கள் பாலுக்கு அஞ்சவில்லை. பால் புளிக்காதது, தூயது, குழந்தைக்கு உரியது. ஈயம் தேய்ந்த பித்தளைக் கலத்தில் அதைக் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினார்கள்.

1887-இல் கல்கத்தாவில் சென் என்னும் மருத்துவர், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ஈரல் நோயைப் பற்றி எழுதினார். பின்னாளில் அது ‘இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய்’ என்று மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. தமிழ் வீடுகளில் ஈரல்கட்டி, குலைக்கட்டி என்றார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் வரும். வயிறு பருக்கும், ஈரல் கல்லாகும், மஞ்சள் காமாலை காணும். பல குழந்தைகள் சில மாதங்களில் இறந்தன. ஒரே தாயின் பிள்ளைகள் அடுத்தடுத்து மடிந்த வீடுகளும் உண்டு. அவ்வீடுகளில் சாபம், தோஷம் என்று என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டியதில்லை. சென்னையின் ஜம்மி வெங்கடரமணய்யா மருந்து வீடுதோறும் அறிந்த பெயரானது இந்த அச்சத்தால்தான்.

1970களின் பிற்பகுதியில் அந்த ஈரல்களைச் சோதித்தவர்கள் அளவுக்கு மீறிய செம்பைக் கண்டார்கள். 1983-இல் ஸ்டூவர்ட் டானரும் புணே மருத்துவர்களும் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, பித்தளைக் கலத்துப் பாலைச் சுட்டிக்காட்டியது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் செம்பைப் பற்றிக்கொள்கிறது. உடலில் மிகுந்த செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்ற வேண்டியது ஈரல். கைக்குழந்தையின் ஈரலில் அத்திறன் முதிர்ந்திருப்பதில்லை. தாய்ப்பாலில் செம்பு குறைவு. ஆகவே தாய்ப்பாலை முன்னதாகவே நிறுத்திக் கலத்துப் பால் கொடுத்த வீடுகள்தாம் பெரிதும் அடிபட்டன. இன்னும் ஓர் அவலம், ஏழைக் குடிசையின் மண்சட்டியிலும் அலுமினியப் பாத்திரத்திலும் இந்தக் கேடு இல்லை.

இவ்விளக்கத்தை எல்லாரும் ஒப்பவில்லை. பித்தளையே புழங்காத வீட்டிலும் நோய் கண்டதாகக் கூறியவர்கள் உண்டு. பரம்பரைக் கூறு ஒன்றும் இருக்கலாம் என்பது பலர் கருத்து. இங்கே ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாடு துணைக்கு வருகிறது. 1900 முதல் 1974 வரை அங்கே 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்ததை 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கும் பசும்பாலைச் செம்புப் பானையில் காய்ச்சினார்கள். பரம்பரைக் கூறும் தென்பட்டது. பானையை மாற்றியதும் நோய் போயிற்று.

நம் நாட்டில் பானையை மாற்றியது மருத்துவ அறிவுரை மட்டுமன்று என்பதே நம் எண்ணம். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய இல்லத்தரசிகள், தேய்க்க எளிது, பளபளக்கும் என்றுதான் வாங்கினார்கள். 1980களில் சேலம் உருக்காலையும் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. 1990களில் இந்த நோய் பெரும்பாலும் மறைந்தது. தாங்கள் ஒரு நோயை விரட்டுகிறோம் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இப்போது செம்பு திரும்பி வந்திருக்கிறது, செம்புக் குடுவையாகவும் தண்ணீர்ப் பானையாகவும். தண்ணீர் வேறு, பால் வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2012-இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்தன. நீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். அந்த வரம்பளவு செம்புள்ள நீரைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு ஈரல் கேடு தென்படவில்லை என்று 1998-இல் சிலி நாட்டு ஆய்வும் கூறியது. எனவே பெரியவர்கள் குடிக்கும் செம்புத் தண்ணீரைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அமிலத்தன்மை உள்ள நீரில் செம்பு மிகுதியாகக் கரையும். ஜெர்மனியில் அத்தகைய கிணற்று நீர் செம்புக் குழாய் வழியே வந்த வீடுகளில் கைக்குழந்தைகளுக்கு இதே ஈரல் நோய் கண்டிருக்கிறது. எலுமிச்சைச் சாற்றையும் மோரையும் செம்புக் குடுவையில் ஊற்றிவைப்பது அறியாமை. கைக்குழந்தையின் பால்மாவைக் கரைக்கும் நீரைச் செம்பில் வைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்து ஆறிய நீர் போதும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கிடைக்கும் குழந்தைக்கு அந்த நீரும் வேண்டாம்.

நாம் அஞ்சுவது குடுவையைவிடப் பரணிலிருந்து இறங்கும் பழைய தவலையைக் கண்டுதான். பாட்டி காலத்துப் பாத்திரம், உடம்புக்கு நல்லது என்று அதிலேயே பாலைக் காய்ச்சுகிறார்கள். அதன் உட்புறத்து ஈயம் தேய்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். மீண்டும் பூசுவதற்கு, முன்போல் ஆள் தெருவில் கூவிக்கொண்டு வருவதில்லை.