வயலிலும் மகளுக்குப் பங்குண்டு: மதுரைச் சமவெளியின் நிலமும் நம் வாரிசுரிமையும்

 

நம் முன்னோர் வரலாற்றைப் பேசும்போது பெரும்பாலும் சுல்தான்களையும், வலிமார்களையும், கடல் வணிகத்தையும் பேசுகிறோம். ஒரு சிற்றூரில் நாலு ஏக்கர் நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும் வைத்துக்கொண்டு, ஐவேளை தொழுது, பிள்ளைகளைக் கரையேற்றிய சாமானியக் குடும்பத்தின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. அந்தக் குடும்பத்தின் நிலம் எப்படி வந்தது, எவர் பெயரில் இருந்தது, அவர் மறைந்தபின் எவரிடம் போனது என்னும் கேள்விகளுக்குள் நம் மார்க்க வாழ்வின் ஒரு பெரிய சோதனை அடங்கியிருக்கிறது. மதுரையையும் அதனைச் சுற்றியுள்ள சமவெளியையும் முன்வைத்து அதனை இங்கே காண்போம்.

கல்லில் எழுதிய உரிமை

மதுரையில் முஸ்லிம்களின் நிலவுரிமை மிகப் பழைமையானது. காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கு 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர் இடம் வழங்கினார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்காவுக்கோ இன்னும் சுவையான வரலாறு உண்டு. பீபிகுளம், கண்ணனேந்தல், திருப்பாலை, சிறுதூர் முதலிய ஆறு கிராமங்கள் பாண்டியரிடமிருந்து 14,000 பொன் கொடுத்து வாங்கப்பட்டு தர்காவுக்கு உரியவையாயின என்பது அதன் மரபு. பிற்காலத்தில் அவ்வுரிமை குறித்து வழக்கு எழுந்தபோது, 1573ஆம் ஆண்டில் வீரப்ப நாயக்கர் அதனை விசாரித்து, பழைய உரிமையை உறுதிசெய்து தீர்ப்பளித்தார். அது கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டது.

நிலத்தை விற்றவர் முஸ்லிம் அல்லர். தீர்ப்பளித்தவரும் முஸ்லிம் அல்லர். ஆயினும் விலை கொடுத்து வாங்கிய உரிமை செல்லும் என்று ஓர் ஆட்சியாளர் நீதி வழங்கினார். ஆவணமும் சாட்சியமும் இருந்தமையால் அந்நீதி கிடைத்தது. அன்று வயலும் குளமுமாகக் கிடந்த அக்கிராமங்கள் இன்று மாநகரத்தின் நெருக்கடி மிகுந்த பகுதிகள். நிலத்தின் மதிப்பு எப்படி மாறும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவரும் இல்லை.

கண்மாய்க் கரை வாழ்க்கை

மதுரைச் சமவெளியின் கிராமம் என்றால் அது கண்மாயைச் சார்ந்த கிராமம். மழைநீரும் வைகையின் வாய்க்கால் நீரும் கண்மாயில் தேங்கும். மடை திறந்தால் நீர் பாயும் நிலம் நஞ்சை. நீர் எட்டாத மேட்டு நிலம் புஞ்சை. நஞ்சையில் நெல்லும், புஞ்சையில் சோளம், கேழ்வரகு, நிலக்கடலை முதலியனவும் விளைந்தன. மிகை நீர் கழுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். வரத்துக்கால் தூர்ந்தால் எல்லார் வயலும் காயும். ஆகவே கரையை உயர்த்தவும் கால்வாயைத் தூர்வாரவும் ஊரார் ஒன்றுகூடி உழைத்தனர். குடிமராமத்து என்று பெயர்பெற்ற அவ்வேலையில் சாதி, மத வேறுபாடின்றி அனைவருக்கும் பங்கிருந்தது.

இத்தகைய ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் உழவு, வெற்றிலைக் கொடிக்கால், கால்நடை வணிகம், வாரச் சந்தை வியாபாரம் ஆகியவற்றைச் செய்து வாழ்ந்தன. சொந்த நிலம் உடையோர் சிலர். வாரத்திற்கோ குத்தகைக்கோ பிறர் நிலத்தை உழுதோர் பலர். பணமுடை வந்தால் நிலத்தை ஒத்திக்கு வைப்பார்கள். கடன் தீரும்வரை விளைச்சல் கடன் கொடுத்தவருக்குப் போகும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இச்சமவெளியையும் வாட்டியது. 1895இல் பெரியாறு அணை நிறைவுற்று, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் மதுரை, மேலூர்ப் பகுதிகளுக்கு நீர் கொண்டுவந்தது. புஞ்சையாகக் கிடந்த நிலங்கள் நஞ்சையாயின. நிலத்தின் விலையும் ஏறியது. விலை ஏறிய பொருள்மீது உறவினரிடையே பூசலும் ஏறுவது உலக இயல்பு.

பட்டா யார் பெயரில்?

ஆங்கிலேயர் ஆட்சியில் இரயத்துவாரி முறை வந்தபின், அரசுக்குத் தீர்வை செலுத்துபவர் பெயரில் பட்டா வழங்கப்பட்டது. கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. தீர்வை வசூல் மணியக்காரர் கையில் இருந்தது. குடும்பத் தலைவரான ஆணின் பெயர் கணக்கில் ஏறியது. அவர் மறைந்தால் மூத்த மகன் பெயருக்கு, அல்லது மகன்கள் பெயருக்கு அது மாறியது. திருமணமாகி வேற்றூர் சென்ற மகளின் பெயரை எவரும் சொல்லவில்லை; கணக்கில் எழுதவும் இல்லை.

பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் மன்னர்களும் பாளையக்காரர்களும் விட்டிருந்த மானிய நிலங்கள் தனி வகை. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து உரிமைப் பத்திரம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றபின், 1963ஆம் ஆண்டின் சட்டத்தால் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டு இரயத்துவாரிப் பட்டாவாக மாறின. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுப் பணியில் ஊர்தோறும் பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டன. அவ்வேளையில் ஊரில் இல்லாதவர், ஆவணம் காட்டாதவர், கேட்காதவர் ஆகியோரின் உரிமை கணக்கில் மறைந்துபோன நிகழ்வுகள் உண்டு. அப்படி மறைந்தவற்றுள் வக்ஃபு நிலங்களும் உண்டு. பெண்மக்களின் பங்குகளும் உண்டு.

1937உம் 1949உம்

மீராஸ் எனும் வாரிசுரிமை நமக்கு ஷரீஅத் வகுத்தது. பிறகு ஏன் வயல் மகளுக்குப் போகவில்லை? வழக்கம் ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம், முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளில் இஸ்லாமியச் சட்டத்தோடு, சட்டத்தின் வலுப்பெற்ற வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. எங்கள் குலத்தில் மகளுக்கு நிலம் கொடுப்பதில்லை என்று ஒருவர் நிறுவிவிட்டால், அவ்வழக்கம் மேலோங்க இடமிருந்தது.

இந்நிலையை மாற்றவே 1937இல் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டம் வந்தது. வாரிசுரிமை, நிகாஹ், தலாக், மஹர், ஹிபா, வக்ஃபு ஆகியவற்றில் வழக்கத்தைத் தள்ளி ஷரீஅத்தை நிலைநாட்டியது. ஆயினும் அதில் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே மத்தியச் சட்டமன்றம் அதனைத் தொட இயலவில்லை. வீட்டிலும் நகையிலும் பணத்திலும் ஷரீஅத் நடந்தது. வயலில் பழைய நிலையே நீடித்தது. கிராமத்துக் குடும்பத்தின் பெருஞ்சொத்து வயல்தானே!

அந்த விலக்கை நீக்கியது 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் திருத்தச் சட்டம். அன்று முதல் நம் மாநிலத்தில் விவசாய நிலமும் ஷரீஅத் வாரிசுரிமைக்குள் வந்தது. எல்லா மாநிலங்களிலும் இந்நிலை வந்துவிடவில்லை. எடுத்துக்காட்டாக உத்தரப்பிரதேசத்தில் விவசாய நிலம் அம்மாநில நிலச் சட்டத்தின்படி இறங்கியது. அதில் மகனுக்குப் பின்னரே மகள் எண்ணப்பட்டாள். நமக்கோ சட்டத் தடை நீங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் வயல் மகளுக்குப் போய்ச் சேராவிட்டால், அதற்குப் பொறுப்பு நம்முடையது.

மதீனாவின் தோட்டமும் அச்சேயின் வீடும்

வாரிசுரிமை வசனங்கள் இறங்கிய சூழலை நினைவுகூர்வது தகும். மதீனாவின் அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டங்களை உடைய உழவர்கள். போர் செய்ய வல்ல ஆண்களுக்கே சொத்து என்பது அன்றைய அறியாமைக் கால வழக்கம். உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய இரு பெண்மக்களுக்கும் எதுவும் விடாமல் சிறிய தந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். தாய் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். இறைவசனம் இறங்கியபின், பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கும், எஞ்சியது சிறிய தந்தைக்கும் எனத் தீர்ப்பாயிற்று. சூரத்துன் நிஸாவின் அந்த வசனங்களை அடுத்து, இவை அல்லாஹ் வகுத்த வரம்புகள் என்று எச்சரிக்கப்படுவதை நாம் மறக்கலாகாது.

நம் மரக்காயர் வணிகர்கள் பாய்மரக் கப்பலில் சென்று வணிகம் செய்த சுமத்திராத் தீவின் அச்சே நாட்டையும் சற்றே நோக்குவோம். அங்கே சிற்றூருக்கு கம்போங் என்று பெயர். ஊர் நடுவே தொழவும் ஓதவும் கூடவும் ஒரு பொது மண்டபம் இருக்கும். ஊர்த் தலைவர் ஒருவரும் மார்க்கத் தலைவர் ஒருவரும் இணைந்து ஊரை நடத்துவர். பெண்ணுக்குத் திருமணமானால் பெற்றோர் வீட்டை, இயன்றால் வயலையும், அவளுக்கே வழங்குவது அங்குள்ள வழக்கம். மனைவியைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லுக்கே 'வீட்டுக்கு உரியவள்' என்பது பொருள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோர ஊர்களின் எல்லைக் கற்களும் ஆவணங்களும் அழிந்தபோது, எஞ்சியோர் ஒன்றுகூடி யாருடைய மனை எதுவெனச் சாட்சி சொன்னார்கள். வாரிசுகளை உறுதிசெய்ய ஷரீஅத் நீதிமன்றங்கள் துணை நின்றன. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதை நாம் அறிவோம். கடலோரத்தில் இயன்றது கண்மாய்க் கரையில் இயலாது என்று எப்படிச் சொல்வது?

சீர் கொடுத்தால் பங்கு தீருமா?

மதரஸாவில் ஃபராயிழ் பாடம் நடத்தும் எம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "தங்கச்சிக்குக் கல்யாணத்தில் நகை போட்டு, சீர் செய்துவிட்டோம், அத்தா நிலத்தில் அவளுக்கு இன்னும் பங்கு இருக்கிறதா?"

இருக்கிறது. தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. மீராஸ் என்பது மரணத்திற்குப் பின்னரே பிறக்கும் உரிமை. பிறக்காத உரிமையை முன்கூட்டியே கொடுத்துத் தீர்க்க இயலாது. மேலும், அந்தச் சீரில் பெரும்பகுதி மாப்பிள்ளை வீட்டாரின் எதிர்பார்ப்புக்காகச் செலவானது. மார்க்கம் கேட்காத சீரைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, மார்க்கம் கட்டளையிட்ட பங்கை நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 8 ஏக்கர் நிலம் விட்டு மறைகிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன். மனைவிக்கு மஹர் பாக்கியிருந்தால் அதுவும் கடனே. அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத். இவையெல்லாம் தீர்ந்தபின் 8 ஏக்கரும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1 ஏக்கர். எஞ்சிய 7 ஏக்கரில் மகனுக்கு 3 ஏக்கர் 50 சென்ட். மகள்கள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர் 75 சென்ட். இதில் சிக்கல் ஒன்றுமில்லை. கொடுக்கும் மனம் மட்டுமே வேண்டும்.

நிலத்தைத் துண்டாடினால் உழவு கெடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அதற்கும் வழியுண்டு. கூட்டுப் பட்டாவாக வைத்து, உழுகின்ற சகோதரர் ஆண்டுதோறும் சகோதரியின் பங்குக்குரிய குத்தகையைக் கொடுக்கலாம். அல்லது அன்றைய சந்தை விலையில் அவளுடைய பங்கை வாங்கிக்கொள்ளலாம். சகோதரி தன் பங்கு எவ்வளவு என்பதை அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதுவும் செல்லும். ஆனால், பிறந்த வீட்டின் உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவள் இடும் விடுதலைப் பத்திரக் கையெழுத்தை மனமுவந்தது என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியவை

தந்தையர் உயிரோடிருக்கும்போதே பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, கடன்களை எழுதிவைக்கட்டும். மரணம் நேர்ந்தபின் பங்கீட்டை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். ஒரு தலைமுறை தவறினால் நான்கு வாரிசுகள் நாற்பதாகிவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழில் பெண்மக்கள் அனைவரின் பெயரும் இடம்பெறட்டும். ஊர் ஜமாஅத்துகள் நிகாஹ் பதிவேட்டைப் பேணுவதுபோல், பங்கீட்டுக்கு வழிகாட்ட ஓர் ஆலிமையும் ஆவணம் அறிந்த ஒருவரையும் அமர்த்தட்டும்.

ஆறு கிராமத்தின் உரிமை கல்லில் எழுதப்பட்டிருந்ததால் நானூறு ஆண்டுகள் கடந்தும் பேசப்படுகிறது. நம் பெண்மக்களின் உரிமை அல்லாஹ்வின் வேதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரிப்பதை ஹராம் என்று அஞ்சும் நாம், உடன்பிறந்தவளின் ஒன்றே முக்கால் ஏக்கரை உழுது உண்பதற்கும் அஞ்ச வேண்டும். உரியவர்க்கு உரியதைக் கொடுத்து, ஹலாலான உணவை உண்ணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.