ஏடி என்னும் இரண்டெழுத்து: பழைய மொடெம்களின் மறைவசதிகளும் உவர்மலை மேசையொன்றும்

ஓர்ஸ் ஹில் என்று வரைபடத்தில் இருப்பதைத் திருகோணமலைக்காரர் உவர்மலை என்பார்கள். உள்துறைமுகத்தை அண்டிய அந்த மேட்டில், வீட்டு அலுமாரி ஒன்றின் அடித்தட்டிலிருந்து வெளியே எடுத்த மொடெம் இப்போது என் மேசையில் இருக்கிறது. வினாடிக்கு 33,600 பிட் வேகம், உள்ளே ரொக்வெல் சில்லு. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்துவிட்டன. துடைத்து, தொடர்முனைக் கேபிளில் மாட்டி, முனையச் செயலியில் 'ஏடி' என்று அடித்து என்டர் தட்டினேன். 'ஓகே' என்றது. தொலைபேசிக் கம்பியே செருகவில்லை, ஆனாலும் பேசுகிறது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது, அதற்குள் என்னென்ன அடைத்து வைக்கப்பட்டிருந்தன, யார் அடைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டெனிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் இருவரும் 1981இல் ஸ்மார்ட்மொடெம் என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகம் வினாடிக்கு 300 பிட்தான். புதுமை வேகத்தில் இல்லை. தரவு போகும் அதே கம்பியால் மொடெமுக்குக் கட்டளையும் கொடுக்கலாம் என்பதே அதன் கெட்டித்தனம். கட்டளை ஒவ்வொன்றும் 'ஏடி' என்று தொடங்கும். 'கவனி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் அவை என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டெழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'ஏ' எழுத்தின் இருமக் குறியீட்டில் கடைசி பிட் 1. தொடர்முனையில் அந்தப் பிட்தான் முதலில் வரும். அதற்கு முன்னே தொடக்கப் பிட்டான 0. ஆகவே ஒற்றை 0 எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தால் கணினி என்ன வேகத்தில் பேசுகிறதென்று மொடெமுக்குத் தெரிந்துவிடும். அடுத்து வரும் 'டி'யில் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படை, 'ஏ'யில் இரட்டைப்படை. இரண்டையும் ஒப்பிட்டால் கணினி சரிபார்ப்புப் பிட்டை எப்படி வைக்கிறது என்பதும் வெளிச்சம். முதலெழுத்தைப் பெரிதாகவும் இரண்டாவதைச் சிறிதாகவும் கலந்து அடித்தால் பல மொடெம்கள் வாயே திறக்காததற்கு இந்த நுட்பமும் ஒரு காரணம்.

இனி 'மறைவசதி' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய மொடெம் விரும்பிகள் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மறைப்பில் வகை உண்டு.

முதல் வகை, மறைக்கப்படாமலே மறைந்திருந்தவை. மொடெமின் சிறு நினைவகத்தில் எஸ்-பதிவகங்கள் என்ற எண்வரிசை இருக்கும். எத்தனை மணி அடித்தபின் தானாகத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது எஸ்0. மறுமுனையின் ஒலிக்கு எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்பது எஸ்7. எண்ணுக்கிடையே காற்புள்ளி வந்தால் எவ்வளவு தரிக்க வேண்டும் என்பது எஸ்8. வழக்கமாக 2 வினாடி. என் மொடெம் பெட்டிக்குள் வந்த ஒற்றைத்தாளில் இவற்றில் மூன்று நான்குதான் அச்சாகியிருந்தன. சில்லு செய்தவரின் கையேட்டிலோ இவை பக்கம் பக்கமாக வரும்.

நம் பக்கத்துக்கு உண்மையில் உதவியது இந்த வகைதான் என்பது என் துணிபு. இலங்கையில் வணிக இணையம் 1995இல் வந்தது. அதற்கு முன்பே லேர்ன் என்ற கல்விசார் வலையமைப்பின் மின்னஞ்சல் தொலைபேசி அழைப்பு வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குள் ஓடியது. ஆனால் கடைகளில் விற்ற மொடெம் பெரும்பாலும் வேறு நாட்டுத் தொலைபேசியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அமெரிக்க டயல்ஒலி 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டின் கலவை. வேறு பல நாடுகளில் 425 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி. தனக்குத் தெரிந்த ஒலி கேட்காவிட்டால் மொடெம் 'நோ டயல்டோன்' என்று கையை விரிக்கும். ரெலிபோனைக் காதில் வைத்தால் ஒலி இரைந்துகொண்டிருக்கும்! 'ஏடி எக்ஸ்3' என்று ஒரு வரி கொடுத்தால் ஒலியைத் தேடாமல் எண்ணைச் சுற்றத் தொடங்கிவிடும். பழைய தொலைபேசி நிலையங்களுக்கு, எண் சுற்றும் கட்டளையான 'டி டி'க்குப் பதில் 'டி பி': தொனியில்லாமல் துடிப்பாக, கட்கட்டென்று.

இன்னொன்று எஸ்10. மறுமுனையின் ஒலி அறுந்தபின் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும் என்பதை அது சொல்லும். வழக்கமான மதிப்பு 14, அதாவது 1.4 வினாடி. ஐப்பசி, கார்த்திகையில் மாரி இறங்கி, கம்பி இணைப்புகளில் ஈரம் ஊறி, கரகரப்பு ஏறும்போது ஒலி இரண்டு வினாடி தொலைந்து திரும்பி வரலாம். 14ஐ 100 ஆக்கினால் மொடெம் பத்து வினாடி பொறுக்கும். 255 ஆக்கினால் பல மொடெம்கள் ஒலி போனதையே கண்டுகொள்ளாது. பாதி இறங்கிய கோப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல் தப்பியது இப்படிப்பட்ட ஒற்றை எண்ணால்தான்.

இரண்டாவது வகை, சில்லுக்குள் இருந்தும் விற்பவர் பெயர் சொல்லாதவை. அழைப்பவர் எண்ணைக் காட்டும் வசதி ரொக்வெல் சில்லுகளில் 'ஹாஷ் சி.ஐ.டி. சமம் 1' என்ற கட்டளையில் விழித்துக்கொள்ளும். குரல்பதிவு பல சில்லுகளில் 'எஃப்கிளாஸ் சமம் 8'இல். தொலைநகல் அதே கட்டளையில் 1இல். கொமினிகேஷன் கடையில் தொலைநகல் இயந்திரத்துக்குக் காசு கொடுத்து வரிசையில் நின்றவர்கள் பலரின் வீட்டு மொடெமுக்குள்ளேயே தொலைநகல் இருந்தது. கட்டளைக்கு வன்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். ஒலியைக் கேட்கும் சுற்று பலகையிலேயே இல்லையென்றால் எந்த மந்திரமும் பலிக்காது.

இதே வகையில் நாட்டுக்குறியும் சேரும். சில நாட்டு விதிகளின்படி, தொடர்ந்து தோல்வியுற்ற எண்ணை மொடெம் தடைப்பட்டியலில் போட்டுச் சிறிது நேரம் சுற்ற மறுக்கும். 'ஜி.சி.ஐ.' கட்டளையால் நாட்டை மாற்றினால் தடையும் மாறும். ஒலியளவு, துடிப்பின் கால அளவு எல்லாமே அந்த ஒற்றைக் குறியின் பின்னால் வரிசையாக நிற்பவை.

மூன்றாவது வகையே புகழ்பெற்றது. யூ.எஸ். ரொபோட்டிக்ஸ் நிறுவனத்துக்கு இரண்டு வரிசை: விலை கூடிய கூரியர், மலிவான ஸ்போர்ட்ஸ்டர். 1986இல் அறிமுகமான எச்.எஸ்.டி. என்ற தனியுரிமை முறை கூரியரின் பெருமை. பிறகு அது 16,800 பிட் வரை ஏறியது. 14,400 பிட் ஸ்போர்ட்ஸ்டர்களில் சிலவற்றுக்குக் கூரியரின் தாய்ப்பலகையே பயன்பட்டது. 'ஏடி ஜிடபிள்யூ 03சி6, 22 ஜிடபிள்யூ 05சிடி, 2எஃப்' என்று அடித்தால் அந்த மலிவு மொடெம் 16,800ஐத் தொட்டது. அந்த வரியை உற்றுப் பாருங்கள். நான்கு பதினறும இலக்கம், காற்புள்ளி, பிறகு இரண்டு இலக்கம். மீண்டும் அதே அச்சு. நினைவக முகவரியும் அங்கே எழுதவேண்டிய மதிப்பும் என்று வாசிக்கத் தோன்றுகிறது. பொறியியலால் வந்த வேறுபாடல்ல அது, விலைப்பட்டியலுக்காக இழுத்த கோடு. ஆனால் இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது பிழை. எச்.எஸ்.டி. வேகம் வேண்டுமானால் மறுமுனையிலும் எச்.எஸ்.டி. மொடெம் இருக்க வேண்டும். மற்றபடி அந்த எண் அலங்காரம்.

கூரியரில் 'ஒய்11' என்றொரு கட்டளையும் உண்டு. அழைப்பு முடிந்ததும் அடித்தால் 150 முதல் 3,750 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவெண்ணும் எவ்வளவு வலுவோடு வந்தது என்று அட்டவணை போடும். தொலைவான செப்புக்கம்பியில் உயர் அலைவெண்கள் மெலிந்து கரைவதைக் கண்ணாலேயே காணலாம்.

திறக்கும் கட்டளை ஆபத்தும் ஆனது. தரவு ஓடும்போது நடுவில் மொடெமை அழைக்க மூன்று கூட்டல் குறி. அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு வினாடி மௌனம் வேண்டும் என்ற விதி ஹெதரிங்டனின் 1985 காப்புரிமை. உரிமத்தொகை கட்ட விரும்பாத போட்டியாளர்கள் மௌனமே வேண்டாத இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்கள். 1998இல் சில விஷமிகள் பிங் என்ற வலையமைப்புச் சோதனைச் செய்திக்குள் மூன்று கூட்டலையும், தொடர்பைத் துண்டிக்கும் 'ஏடி எச்0'வையும் வைத்து அனுப்பினார்கள். கணினி அதே செய்தியைப் பதிலாகத் திருப்பி அனுப்ப, அதைத் தன் வழியே போகக் கண்ட, மௌனம் வேண்டாத மொடெம் தனக்கிட்ட கட்டளை என்று நம்பித் தொலைபேசியை வைத்துவிட்டது. மருந்து: கூட்டல் குறிக்குச் செவிசாய்க்காமல் செய்யும் 'எஸ்2 சமம் 255'. மீண்டும் ஒரு பதிவகம்.

1990களின் இறுதியில் ஹேய்ஸ் நிறுவனம் முறிந்து மறைந்தது. மொழி மறையவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை வி.250 என்ற தரமாக்கிற்று. கையடக்கத் தொலைபேசித் தரங்களும் அதை எடுத்துக்கொண்டன. இலங்கையில் டயலொக் 2006இல் 3ஜி சேவையைத் தொடங்கியபின் யு.எஸ்.பி. டொங்கிள்கள் பரவின. ஹுவாவே டொங்கிளில் 'சி-வொய்ஸ் சமம் 0' குரலழைப்பைத் திறந்தது; 'கார்ட்லொக்' கட்டளை சரியான குறியீட்டுடன் சேவையாளர் பூட்டைத் திறந்தது. ஸ்போர்ட்ஸ்டரில் பார்த்த அதே விலைக்கோடுதான் இங்கே உடன்படிக்கைக் கோடாக வந்தது. 2018இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஆய்வொன்று, 11 நிறுவனங்களின் 2,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ரொய்ட் மென்பொருள் தொகுப்புகளைத் துருவி ஏறத்தாழ 3,500 ஏடி கட்டளைகளைப் பிரித்தெடுத்தது. அவற்றில் சில திரைப்பூட்டையே தாண்டக்கூடியவை.

மேசைக்குத் திரும்புகிறேன். வழக்க நிலையில் எண் கொடுத்தேன்: 'நோ டயல்டோன்'. 'எக்ஸ்3' கொடுத்து, துடிப்புமுறையில் 026 என்று தொடங்கும் பழைய வீட்டு எண்ணை அடித்தேன். பூச்சியத்துக்குப் பத்துக் கட், இரண்டுக்கு இரண்டு, ஆறுக்கு ஆறு. கம்பியே இல்லாத வெறுமைக்குள் முழு எண்ணையும் சுற்றி முடித்து, எஸ்7 சொன்ன அளவு காத்திருந்து, 'நோ கேரியர்' என்றது.